குட்டி நீராவி இஞ்சின்: மேஜையிலா, தோட்டத்திலா, ஏறி உட்கார்ந்தா?

மாடல் ரயில் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் சீக்கிரமே எக்ஸ்பிரஸ் வண்டிகளை விட்டுவிட்டு நேரோகேஜ், அதாவது குறுகிய பாதை ரயில்களின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வேல்ஸின் சிலேட்டுக் குவாரிகளில் உழைத்த ஹன்ஸ்லெட் இஞ்சின்கள், டார்ஜிலிங் மலையேறும் பி கிளாஸ், 1864-லும் 1866-லும் கட்டப்பட்டு இன்றும் வேல்ஸின் டாலிலின் பாதையில் இருக்கும் இரண்டு இஞ்சின்கள் என்று அவர்கள் மனதில் ஒரு தனிப் பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சாய்வுக்கு நல்ல காரணம் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர். அதை ஹெச்.ஓ. ஸ்கேலுக்கு, அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 24 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பதினெட்டுப் பெட்டி கோத்தால் 4.4 மீட்டர். இஞ்சினைச் சேர்த்து, வளைவுக்கும் இடம் விட்டுப் பார்த்தால் சாதாரண வீட்டு அறை போதாது. அதனால் எல்லாரும் நாலைந்து பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கிறவருக்கு அது பாதி ரயிலாகத்தான் தெரியும். நேரோகேஜில் மூன்று பெட்டி என்பதே முழு ரயில். நிஜத்திலும் அப்படித்தான் ஓடியது, ஓடுகிறது. இஞ்சினும் மறைவில்லாமல் இருக்கிறது. சிலிண்டர், இணைப்புத் தண்டு, வால்வு எல்லாம் கண்ணெதிரே அசைவதால், எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, ஆசை வந்துவிட்டது. எதை வாங்குவது? இருக்கிற வழிகள் நான்கு. மேஜைமேல் 9 மில்லிமீட்டர் பாதையில் மின்சாரத்தில் ஓட்டலாம். வெளியே 32 அல்லது 45 மில்லிமீட்டர் பாதையில் நிஜ நீராவியில் ஓட்டலாம். 5 அங்குலம், ஏழேகால் அங்குலம் போன்ற பாதைகளில் பின்னால் உட்கார்ந்து நிலக்கரி போட்டு ஓட்டலாம். இல்லையென்றால் மாடலையே விட்டுவிட்டு, பாதுகாக்கப்பட்ட பழைய ரயில்பாதை ஒன்றில் தன்னார்வலராகச் சேரலாம்.

"உங்களிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். இடமும் முக்கியம்தான், ஆனால் அதை இரண்டாவதாக வையுங்கள். இஞ்சினில் உங்களை இழுப்பது எது என்பதுதான் முதல் கேள்வி. மலையும் மரமும் சுற்றியிருக்க அது வளைந்து வரும் காட்சியா, அதன் நெருப்பும் நீராவியுமா, அல்லது அதைச் சுற்றி நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலையா? இந்த மூன்றுக்கும் ஏற்ற பாதைகள் வேறு வேறு. இதைத் தீர்மானிக்காமல் பணத்தைப் போட்டவர்கள் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கேஜும் ஸ்கேலும்

கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கைப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் கேஜ். நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது ஸ்கேல். இரண்டையும் பெருக்கினால், அந்த மாடல் நிஜத்தில் எந்த அகலப் பாதையைக் காட்டுகிறது என்பது வந்துவிடும்.

9 மில்லிமீட்டர் பாதையை எடுத்துக்கொள்வோம். 160-ல் ஒரு பங்கு வண்டியை அதில் ஓட்டினால் அது 'என்' (N) கேஜ், 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு பாதையின் மாடல். அதே தண்டவாளத்தில் 76.2-ல் ஒரு பங்கு வண்டியை வைத்தால் 686 மில்லிமீட்டர் வரும். இதற்கு ஓ.ஓ.9 என்று பெயர். டாலிலின் பாதையின் நிஜ அகலமும் இரண்டே கால் அடி, அதாவது 686 மில்லிமீட்டர்தான்! 87-ல் ஒரு பங்கு என்றால் 783 வரும். ஆஸ்திரியாவின் 760 மில்லிமீட்டர் பாதைகளுக்கும் நம் கால்கா–சிம்லாவின் 762-க்கும் அது கிட்டத்தட்ட சரி.

32 மில்லிமீட்டரில் 19-ல் ஒரு பங்கு வைத்தால் 608 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அடி. டார்ஜிலிங் பாதையின் அகலம் அந்த இரண்டு அடிதான். வேல்ஸின் ஃபெஸ்டினியோக் அதைவிட அரை அங்குலம் குறைவு, அவ்வளவுதான். 45 மில்லிமீட்டரில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு வைத்தால் மீட்டர்கேஜ். எல்.ஜி.பி. நிறுவனம் 1968-ல் தோட்ட ரயிலைக் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்டது இந்தக் கணக்கைத்தான். அதே 45-ல் 32-ல் ஒரு பங்கு வைத்தால் ஸ்டாண்டர்டு பாதை, 20.3 வைத்தால் அமெரிக்காவின் மூன்றடிப் பாதை, 13.7 வைத்தால் மறுபடியும் இரண்டடிப் பாதை. ஒரே தண்டவாளம், நான்கு ஸ்கேல். அதனால் "45 மி.மீ. இஞ்சின்" என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பெட்டி ஒரு ஸ்கேலிலும் இஞ்சின் வேறு ஸ்கேலிலும் வந்து சேரும், பக்கத்தில் நிறுத்தினால் ஒட்டாது.

நம் பிராட்கேஜ் பிரியர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 1,676 மில்லிமீட்டரை 100-ல் ஒரு பங்காக்கினால் 16.76. கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதையிலிருந்து அது கால் மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கிறது. ஆனால் 100-ல் ஒரு பங்கு என்பது பெரிய தயாரிப்பாளர்கள் கைவைத்த ஸ்கேல் இல்லை. உடலைச் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும்.

மேஜைமேல்: 9 மில்லிமீட்டர்

1960-களில் 'என்' கேஜ் இஞ்சின்கள் கடைக்கு வந்தபோது, நேரோகேஜ் பிரியர்கள் அதன் மோட்டாரையும் சக்கரங்களையும் எடுத்து, மேலே பெரிய ஸ்கேலில் சொந்தமாக உடல் கட்டிப் போட்டார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் எக்கர்பான் இந்த அளவில் ஆயத்த வண்டிகளை விற்றது. பிறகு பல வருடங்களுக்கு ஓ.ஓ.9 என்றாலே வெள்ளை உலோகக் கிட் வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, ஓட வைக்கப் போராடுவது என்றுதான் பொருள். இப்போது நிலைமை மாறிவிட்டது. குவாரி ஹன்ஸ்லெட்டையும், இரண்டு பக்கமும் புகைபோக்கி வைத்த டபுள் ஃபேர்லியையும் பாக்மேன் ஆயத்தமாகத் தருகிறது. ஃபெஸ்டினியோக்கின் முதல் நீராவி இஞ்சின்களைப் பீகோவும் ஜப்பானின் காட்டோவும் சேர்ந்து கொண்டுவந்திருக்கின்றன. பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தால் ஓடுகிறது. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர் கொடுத்துவைத்தவர்.

இதன் பெரிய பலம் இடம். வளைவின் ஆரம் 9 அங்குலம், சுமார் 23 சென்டிமீட்டர் போதும். 60-க்கு 90 சென்டிமீட்டர் பலகையில் ஒரு முழுச் சுற்று, பக்கத்தில் ஒரு குவாரிக் கிளைப்பாதை, ஒரு சின்ன ஷெட் எல்லாம் அடங்கும். வாடகை ஃப்ளாட்டில் இருப்பவர் அலமாரிமேல் வைத்துக்கொள்ளலாம், வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம். இஞ்சின் ஒன்றின் விலை சில நூறு பவுண்டுக்குள் முடியும். நான்கு வழிகளில் வீட்டுக்குள்ளேயே முழுதாக முடிகிற வழி இது ஒன்றுதான்.

இன்னொரு பலத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நிலக்காட்சியை முழுதாகக் கட்டிக் காட்ட முடிகிற அளவு இது. சிலேட்டுக் கழிவுக் குன்று, அதன் சரிவில் இறங்கும் கயிற்றுப் பாதை, கீழே கால்வாய், அதன்மேல் சின்னப் பாலம் என்று ஒரு பள்ளத்தாக்கே ஒரு பலகைக்குள் வந்துவிடும். ஆங்காங்கே கோணலாகக் கிடக்கும் ஸ்லீப்பர்களோடு பீகோ ஒரு பாதை விற்கிறது. பழைய குவாரிப் பாதையின் தோற்றம் அதிலேயே பாதி வந்துவிடும். ரயிலைவிட மலையைக் கட்டுவதில் உங்களுக்கு இன்பம் என்றால், மேலே படிக்காமலேயே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன, எல்லாம் இஞ்சினின் சின்ன உருவத்திலிருந்தே வருகின்றன. குவாரி ஹன்ஸ்லெட் இந்த ஸ்கேலில் ஆறேழு சென்டிமீட்டர்தான். நாலே சக்கரம், எடையும் இல்லை. தண்டவாளத்தில் கொஞ்சம் தூசு படிந்தாலும் மின்சாரம் விட்டுவிட்டு வரும், இஞ்சின் திணறி நின்றுவிடும். மின்விசிறிக்குக் கீழே, ஜன்னலைத் திறந்துவைத்த நம் ஊர் அறையில் தண்டவாளத்தை அடிக்கடி ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தாக வேண்டும். பாதை பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்ட் வாங்கும்போது நடுவில் பிளாஸ்டிக் வைத்ததைத் தவிர்த்து, அங்கேயும் மின்சாரம் பாயும் உலோக வகையை வாங்குங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கில் வண்டி சிக்கி நிற்பதைப் பார்த்தே சலித்துப்போனவர்கள் உண்டு. இஞ்சினுக்குள் மின்தேக்கி வைத்த டிகோடர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பலகை) இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும், ஆனால் அதை நுழைக்கவே இடம் தேட வேண்டும். சத்தத்துக்கு ஸ்பீக்கர் வைத்தாலும் அந்த உடம்பிலிருந்து கொசு ரீங்காரம்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் நெருப்பு இல்லை. வைப்பதும் எளிதல்ல. ஒன்றைப் பாதியாகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு கால் பங்காகும், கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். பாய்லர் சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீர் தன் வெப்பத்தை வேகமாக இழந்துவிடும். ஹார்ன்பி 2003-ல் மல்லார்டு இஞ்சினை ஓ.ஓ. அளவில் (76-ல் ஒரு பங்கு) நிஜ நீராவியில் ஓடவைத்தபோது உள்ளே நெருப்பு வைக்கவில்லை, தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்தது. அருமையான பொறியியல்தான், ஆனால் ஓட்டுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

வெளியில்: 32, 45 மில்லிமீட்டர்

என் மனம் இங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி மூன்றும் வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவில் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தின் டான்காஸ்டரில் இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் 1982-லிருந்து இந்த அளவு இஞ்சின்களைச் செய்துவருகிறது. அக்யூகிராஃப்ட் இன்னொரு பெரிய பெயர். மாமோட் மலிவான வகை. அதில் அசையும் சிலிண்டர், திட எரிபொருள் வில்லை, எளிமையான அமைப்பு. முதல் இரண்டில் எதை வாங்கினாலும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும், பெரிய இஞ்சின் என்றால் அதற்கும் வெகு மேலே போகும். விலையைப் பார்த்துத் திகைக்காதீர்கள். ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்திருக்கும் ரவுண்ட்ஹவுஸ் இஞ்சின் இருபது, முப்பது வருடம் உழைக்கும், விற்கப் போனாலும் நல்ல விலை வரும்.

ஓட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான். முதலில் பாய்லரில் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது சுத்தமான மழைநீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, உப்புப் படியும். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தில் ஸ்டீம் ஆயில். அச்சுகளுக்கெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு பியூட்டேன் வாயுவை நிரப்பி, புகைபோக்கிப் பக்கம் தீ காட்டினால் உள்ளே குழாயில் 'புப்' என்று பற்றிக்கொள்ளும். சில நிமிடத்தில் பிரஷர் கேஜ் முள் நகரத் தொடங்கும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு வந்ததும் பாதுகாப்பு வால்வு சீறும். சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்தால் முதலில் சிலிண்டரில் தங்கிய தண்ணீர் புகைபோக்கி வழியாகத் தெறிக்கும், சட்டையில் எண்ணெய்ப் புள்ளி விழும். முன்னும் பின்னும் நகர்த்திச் சிலிண்டரைச் சூடாக்கிய பிறகுதான் இஞ்சின் ஒழுங்காக மூச்சுவிடும். அப்புறம் இருபது முப்பது நிமிட ஓட்டம்.

இந்த இஞ்சின்களை வடிவமைத்தவர்களின் ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தண்ணீர் தீரும் முன்னே வாயு தீர்ந்துவிடும்படி வாயுத் தொட்டியின் அளவை வைத்திருக்கிறார்கள். அதனால் ஓட்டுபவர் கொஞ்சம் அசந்தாலும் பாய்லர் வறண்டு வீணாகும் வாய்ப்பு குறைவு. ஆனால் இரண்டாவது முறை வாயு நிரப்பும்போது தண்ணீரையும் சேர்த்து நிரப்பியாக வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவராதவர் நீராவி பக்கம் போக வேண்டாம்.

பாதைக்கு வருவோம். சின்ன நாலுசக்கர இஞ்சின்கள் 60 சென்டிமீட்டர் ஆரத்திலும் திரும்பிவிடும். ஆனால் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வைத்தால் பிறகு எந்த இஞ்சின் வாங்கினாலும் கவலையில்லை. ஆரத்தைவிட முக்கியம் மட்டம். ரேடியோ கட்டுப்பாடு இல்லாத இஞ்சினில் ரெகுலேட்டரை ஒரு நிலையில் வைத்து விட்டுவிடுகிறோம். பாதை சற்று இறங்கினால் பாய்ந்து ஓடிக் கவிழும், சற்று ஏறினால் நின்றுவிடும். மட்டப்பலகை வைத்துப் பொறுமையாகப் பாதை போடுங்கள், முடியாவிட்டால் ரேடியோ உள்ள இஞ்சினாக வாங்குங்கள்.

தோட்டம் இல்லையே என்பவர்களுக்கு: மொட்டை மாடியில் மடக்கு மேஜைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் பாதை போட்டு ஓட்டலாம். இங்கிலாந்தில் 16 மில்லிமீட்டர் சங்கத்தின் (ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்குபவர்கள், அதாவது 19-ல் ஒரு பங்குக்காரர்கள்) வட்டாரக் குழுக்கள் மண்டபங்களிலும் பள்ளி மைதானங்களிலும் இப்படிக் கழற்றி மாட்டும் பாதைகளைத்தான் வைத்திருக்கின்றன. மொட்டை மாடியில் காற்றுதான் எதிரி, தீ அணைந்துவிடும். சுற்றுச்சுவர் ஓரமாகப் போட்டால் நல்லது. வெயிலையும் கணக்கில் எடுங்கள். பித்தளைத் தண்டவாளம் பத்து மீட்டருக்கு, 30 டிகிரி வித்தியாசத்தில், கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் மதியத்துக்குள் பாதை நெளிந்து நிற்கும். பியூட்டேனும் வெப்பத்தைப் பொறுத்து மாறும். உறைநிலைக் குளிரில் வாயுவாக மாறவே அடம்பிடிக்கும், அங்கே புரோப்பேன் கலந்ததைப் போடுவார்கள். நம் ஊர் வெயிலில் நேர்மாறு, தொட்டியில் அழுத்தம் கூடிப் பர்னர் இரையும். அதிகாலையிலோ சாயங்காலத்திலோ ஓட்டுவதே சுகம். வாயு டப்பாவை விமானத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் இஞ்சினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் ஊரில் எந்த வகை வால்வு வைத்த டப்பா கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

32-ஆ, 45-ஆ? இரண்டடிப் பாதை இஞ்சின்களை விரும்பினால் 32. ரவுண்ட்ஹவுஸ் தன் இஞ்சின்களை இரண்டு அகலத்திலும் தருகிறது என்பதால், நண்பர்களின் பாதை எது என்று பார்த்தும் முடிவெடுக்கலாம். தனியாக ஓட்டுவதில் பாதிச் சுவைதான். குழந்தைகளோடு சேர்ந்து ஓட்ட வேண்டும், அடிக்கடி ஓட்ட வேண்டும், தீ வேண்டாம் என்றால் 45-ல் எல்.ஜி.பி. மின்சார வண்டிகள் மிக நல்ல தேர்வு. வெயிலையும் மழையையும் தாங்கும் பிளாஸ்டிக், 60 சென்டிமீட்டர் ஆரம் போதும், சுவிட்சைப் போட்டால் ஓடும்.

ஏறி உட்கார்ந்து: 5 அங்குலம், ஏழேகால் அங்குலம்

5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். இரண்டடிப் பாதை இஞ்சினை இந்த அகலத்துக்குச் சுருக்கினால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. செம்புப் பாய்லர், நிலக்கரி நெருப்பு, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இஞ்செக்டர், பின்னால் சிறு வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் நீங்கள், உங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர். இவ்வளவு சின்ன நிலக்கரி இஞ்சின் மனிதரை இழுக்குமா என்று 1920-களில் இங்கிலாந்தில் பெரிய வாதமே நடந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ், ஆயிஷா என்று பெயரிட்ட தன் இரண்டரை அங்குல இஞ்சினால் ஆள்களை இழுத்துக் காட்டி அதை முடித்துவைத்தார். அதன்பின் வீட்டு லேத்தில் இஞ்சின் கட்டுவது ஒரு பெரிய மரபாகவே வளர்ந்தது.

தீயைப் பராமரிக்கும் கலையை முழுதாகக் கற்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. நெருப்பின் கனம், தண்ணீர் மட்டம், அழுத்தம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் விட்டால் அழுத்தம் குறையும், கரி போட்டால் சிறிது நேரம் நெருப்பு மங்கும், ஏற்றம் வரும் முன்பே இரண்டையும் யோசித்திருக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் இஞ்சினில் வாயு தானாகவே எரிந்துகொள்வதால் இந்தப் பாடம் கிடைக்காது.

ஆனாலும் முதல் இஞ்சினாக இதை வாங்காதீர்கள் என்பேன். 5 அங்குல இஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதே கஷ்டம். ஏழேகால் அங்குல நேரோகேஜ் இஞ்சின் பல நூறு கிலோ, டிரெய்லரும் தூக்கியும் இல்லாமல் நகராது. ஓட்டப் பாதை வேண்டும், அது பெரும்பாலும் கிளப்பினுடையது. பாய்லருக்குச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கிளப்பும் பாதையில் ஏற்றாது. புதிய பாய்லரை ஓட்டும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்றரை மடங்கில். நெருப்பு மூட்டுவது, ஓட்டுவது, சாம்பல் அள்ளுவது, குழாய்களைத் துலக்குவது என்று ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். முதலில் கிளப்பில் சேர்ந்து, ஒரு பருவம் பிறருடைய இஞ்சினில் உதவியாக நின்று பாருங்கள். அதிலேயே திருப்தியடைந்து சொந்த இஞ்சினே வாங்காதவர்கள் நிறையப் பேர்.

நிஜப் பாதையில்

1950-ல் டாலிலின் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் சங்கம் அமைத்து 1951-லிருந்து அதை ஏற்று நடத்தினார்கள். தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அது. இன்றும் அங்கே போய்ச் சேரலாம். முதலில் இஞ்சின் துடைப்பவர், பிறகு கரி போட்டு நெருப்பைப் பார்க்கும் ஃபயர்மேன், பிறகு ஓட்டுநர். இடையில் பல வருடங்கள். உண்மையில் பாதைகளுக்கு அதிகம் தேவைப்படுவது தண்டவாளம் போடவும், புதர் வெட்டவும், டிக்கெட் கொடுக்கவும் ஆள்கள்தான். அந்த வேலையும் சந்தோஷம் தரும் என்றால் இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. இஞ்சினின் விலையும் பாய்லர் சான்றிதழும் உங்கள் தலைவலி அல்ல. ஃபெஸ்டினியோக்கின் பாஸ்டன் லாட்ஜ் பணிமனை இந்தக் காலத்திலும் புதிய டபுள் ஃபேர்லி கட்டியிருக்கிறது. ஜேம்ஸ் ஸ்பூனர் 2023-ல் வெளிவந்தது. சிக்கல் வேறு பக்கத்தில் இருக்கிறது. தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் அதே 2023-ல் மூடப்பட்ட பிறகு, இந்தப் பாதைகள் வெளிநாட்டுக் கரியையும் அழுத்திச் செய்த கரி உருண்டைகளையும் வைத்துச் சமாளிக்கின்றன.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. ரியல்ப்பிலிருந்து ஓபர்வால்டு வரை செல்லும் ஃபூர்க்கா நீராவிப் பாதையைத் தன்னார்வலர்கள் மீட்டு ஓட்டுகிறார்கள். மீட்டர்கேஜ், ஆப்ட் முறைப் பல்சக்கரத் தண்டவாளம், விண்டர்தூர் எஸ்.எல்.எம். ஆலையில் 1913, 1914-ல் கட்டிய நான்கு சிலிண்டர் இஞ்சின்கள். வியட்நாமுக்கு விற்கப்பட்டு அங்கே ஓடி ஓய்ந்து கிடந்தவற்றை 1990-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீலகிரியின் எக்ஸ் கிளாஸ் இஞ்சின் அதே விண்டர்தூர் ஆலையில் பிறந்தது, அதே மீட்டர்கேஜ், அதே ஆப்ட் பல், அதே நான்கு சிலிண்டர். ஊட்டி ரயில் அருமை தெரிந்த ஒருவர் ஃபூர்க்கா பணிமனைக்குள் நுழைந்தால் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். நீலகிரியும் டார்ஜிலிங்கும் இந்திய ரயில்வே நேரடியாக நடத்தும் பாதைகள் என்பதால், அங்கே வெளியாள் ஒருவர் தன்னார்வ ஃபயர்மேனாகச் சேரும் முறை கிடையாது.

எனக்குத் தெரிந்த யோசனை

ஃப்ளாட்டில் இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தில் இந்த ஆசை உள்ளவர் யாரும் இல்லை, கையால் எதையாவது செய்துகொண்டிருக்கப் பிடிக்கும் என்றால் 9 மில்லிமீட்டர். மொட்டை மாடியோ தோட்டமோ இருக்கிறது, இஞ்சின் என்றால் நீராவிதான் என்று மனம் சொல்கிறது என்றால் 32 மில்லிமீட்டர், வாயுவில் ஓடும் எளிய நாலுசக்கர இஞ்சின் ஒன்று, மூன்று பெட்டி. தனிமை பிடிக்காது, பயணிக்கும் தூரத்தில் ஒரு பாதை இருக்கிறது என்றால் தன்னார்வம். பணம் எவ்வளவு இருந்தாலும் 5 அங்குலத்தைக் கிளப்பில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டி ரயிலையே செய்ய வேண்டும் என்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. இருபத்திரண்டரையில் ஒரு பங்கில் 45 மில்லிமீட்டர், அல்லது 87-ல் ஒரு பங்கில் 12 மில்லிமீட்டர். இரண்டும் சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்காக உருவானவை என்பதால் தண்டவாளமும் அடிச்சட்டமும் கிடைக்கும், எக்ஸ் கிளாஸின் உடலை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். கல்லாருக்கு மேலே ஏற்றம் கிட்டத்தட்ட பன்னிரண்டுக்கு ஒன்று. நாலு மீட்டர் நீளப் பாதையில் சுமார் 33 சென்டிமீட்டர் உயர வேண்டும். வெறும் சக்கர உராய்வை நம்பிப் பெட்டிகளோடு அதில் ஏறுவது மாடல் இஞ்சினுக்குக் கடினம். எல்.ஜி.பி. பாதையின் நடுவே மாட்டும் பல்வரிசையும், அதைப் பிடித்து ஏறும் மின்சார அடிச்சட்டமும்தான் வழி. நீராவி ஆசையை இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் பாதையை வாங்குங்கள், பிறகு ஒரே ஒரு இஞ்சின், அது ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு பெட்டிகள். பழைய நீராவி இஞ்சின் வாங்கினால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பாதுகாப்பு வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா, எண்ணெய்க் கிண்ணத்தில் பழைய எண்ணெய் பிசினாகி நிற்கிறதா, சக்கரத்தைக் கையால் சுற்றினால் எங்கேயாவது பிடிக்கிறதா என்று பாருங்கள். விற்பவரையே உங்கள் எதிரில் ஒருமுறை நீராவி ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இஞ்சின் வேண்டாம்.